கையிலே மூன்று வேலை

(சங்க மகளிர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சு. புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



"கைவேலையும் எமது பெண்களும்" என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பு பெரிது, ஆள் சிறிது. நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருசம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஆராய்ச்சி ஒன்றும் செய்யவில்லை. ஆனபடியால் தலைப்பைக் கொஞ்சம் சுருக்கி, எங்கள் வீட்டு ஹோலில் செற்றிக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும் மூன்று பைகளைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அந்தப் பைகளில் தடக்குப்பட்டிருப்பீர்கள்.

ஒரு பையில் குறொஸ் ஸ்ரிச். பள்ளிக்கூடத்தில் தையல் ரீச்சர் இதைப் "புள்ளடித் தையல்" என்று சொல்லித்தந்தவ. வாக்குச் சீட்டில் போடுகிற அதே புள்ளடிதான், ஊசியால் போடுகிறோம், அவ்வளவுதான். மற்றப் பையில் கம்பளி நூலும் பின்னல் ஊசியும். மூன்றாவது பெரிய பை, அதற்குள் வெட்டின துணித் துண்டுகள். பழைய சேட், பழைய சட்டை, யன்னல் சீலை, எல்லாம் சதுரம் சதுரமாய்.

இவர் முப்பது வருசத்துக்கு மேலாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். "ஒண்டை முடிச்சுப்போட்டு மற்றதைத் தொடங்கினால் என்ன?" நியாயமான கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் அவர் குசினிக்குள் வந்து, "சோற்றை இறக்கிப்போட்டு அதுக்குப் பிறகு சொதியை வை, சொதி இறக்கினாப் பிறகு கத்தரிக்காயை வெட்டு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் செய்தால் எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் என்று அவருக்குத் தெரியும்.

இந்த மூன்று வேலையும் ஒரே மாதிரியானவை அல்ல. புள்ளடித் தையலுக்குக் கண் வேணும், நல்ல வெளிச்சம் வேணும், கணக்கு வேணும். பின்னலுக்குக் கண் தேவையில்லை, பழகின கை போதும். ரீவி பார்க்கலாம், பஸ்ஸில் போகலாம், ஊரில் இருந்து வந்த தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு பின்னலாம். துண்டுத்துணிப் போர்வைக்கு நிலம் வேணும். வீட்டில் ஒருவரும் இல்லாத ஒரு முழுப் பகல் வேணும். அயன்பெட்டி வேணும், தையல் மெசின் வேணும். மாடி வீடுகளில் இருப்பவர்கள் இரவு பத்து மணிக்குப் பிறகு மெசினைத் தொடவும் ஏலாது, கீழ் வீட்டார் வந்து கதவைத் தட்டுவார்கள். ஆகவே உடம்புக்கும் நேரத்துக்கும் ஏற்றபடி எது ஏலுமோ அதை எடுக்கிறேன். இது ஒழுங்கில்லாத வேலை அல்ல. இதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கு, அதை வெளிச்சம்தான் தீர்மானிக்கிறது.

நாங்கள் இருக்கும் இந்த ஹெர்னிங் பகுதியில் மார்கழி மாதம் பகல் ஏறக்குறைய 7 மணித்தியாலம். ஆனி மாதத்தில் 17 மணித்தியாலத்துக்கும் மேல். கோண்டாவிலில் வருசம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு பகலோடு வளர்ந்தவளுக்கு முதல் மாரிகாலம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெள்ளைத் துணியில் வெள்ளையை ஒட்டின நிறத்தில் எண்ணித் தைக்கிற வேலையை டிசம்பர் மாதத்தில் செய்யக்கூடாது. இப்போது பகல் வெளிச்சம் போலவே எரியும் லாம்புகள் வந்துவிட்டன, என்னிடமும் ஒன்று இருக்கு, நல்லதுதான். ஆனாலும் நூலின் நிறத்தைத் தெரிவு செய்வது என்றால் யன்னலுக்குப் பக்கத்தில் பகலில்தான். லாம்பின் கீழ் மூன்று பச்சையும் ஒரு பச்சையாகத் தெரியும்.

இதனால் என்ன நடக்குது என்றால், பருவத்துக்கான வேலையை அந்தப் பருவத்தில் செய்ய முடியாமல் போகிறது. நத்தாருக்குத் தொங்கவிடுகிற துணியை வைகாசியில் தொடங்கவேணும். கோடைக்குக் குழந்தைக்குப் போர்த்துகிற மெல்லிய போர்வையைத் தை மாதத்தில் வெட்டவேணும். வெளியில் எல்லோரும் ஐஸ்கிறீம் குடிக்கிற நேரத்தில் நான் பல்கனியில் இருந்து பனிமனிதன் தைத்துக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டு டெனிஷ் அம்மா சிரிப்பதில்லை. அவவும் அதையேதான் செய்கிறா.

டென்மார்க்கில் புள்ளடித் தையலுக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. கைவேலையை வளர்ப்பதற்கென்றே 1928இல் கொப்பன்ஹேகனில் ஒரு சங்கத்தைத் தொடங்கினவர்கள். "ஹோண்ட்ஆபைடெட்ஸ் ஃப்ரெம்ம" என்று பெயர். அவர்கள் 1960 தொடக்கம் ஆண்டுக்கொரு புள்ளடித் தையல் நாட்காட்டி வெளியிட்டார்கள். கேர்டா பெங்ட்சன் என்ற அம்மையார், 1900இல் பிறந்தவர், வயல் ஓரத்துக் காட்டுப்பூக்களையும் புற்களையும் புள்ளடிக் கட்டங்களாக மாற்றி வரைந்து பெயர் எடுத்தவர். தோட்டத்து றோசாப்பூவை எவரும் தைப்பார்கள், அவர் களையைத் தைத்தார். 2024 ஜனவரி 14இல் முடிதுறந்த மார்கிரேத்த மகாராணியும் ஊசி பிடிக்கிறவர்தான், தையலுக்கு வடிவங்கள் வரைந்து கொடுத்தவர். இதை நான் சொல்வது எங்கள் தம்பிமார் சிலருக்காக. "வேலை இல்லாதவர்களின் வேலை" என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மகாராணிக்கு வேலை இல்லை என்று சொல்லுங்கோ பார்ப்போம்.

இங்கே பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் டிசம்பரில் ஒரு நீளத் துணி தொங்கும். அதில் 24 சிறு வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு குட்டிப் பொதி. முதலாம் திகதியில் இருந்து 24 வரை நாளுக்கு ஒன்றாகப் பிள்ளை அவிழ்க்கும். எங்கள் மகள் 1997இல் முதலாம் வகுப்பால் வந்து, "எங்கட வீட்டில ஏன் இல்லை?" என்று கேட்டாள். நாங்கள் சைவக்காரர் என்று சொல்லி விட்டிருக்கலாம். பொதி அவிழ்க்கிறதில் சமயம் ஒன்றும் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. அடுத்த வைகாசியில் தொடங்கி கார்த்திகையில் முடித்தேன். சிவப்புத் தொப்பி போட்ட குள்ளர்கள் எல்லாம் மாதிரிப் படத்தில் இருந்தபடியே. ஒரு மூலையில் மட்டும் தேவதாரு மரத்தை விட்டுவிட்டு ஒரு பனைமரம் வைத்தேன். பிள்ளைகளுக்கு அது பனை என்று தெரியும். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் வந்து பார்த்துவிட்டு, இது என்ன விசிறியா என்று கேட்டார்களாம். ஒருவகையில் அதுவும் சரிதான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு துணிவு வந்தது. அவர்களுடைய பண்டிகைக்குத் துணி இருக்கு, எங்கள் பண்டிகைக்கு எங்கே? கடையில் வாங்க ஏலாது. ஆனால் புள்ளிக்கோலம் போடத் தெரிந்தவளுக்குப் புள்ளடித் தையல் வடிவம் வரைவது கஷ்டமான காரியம் அல்ல. இரண்டும் கட்டக் கணக்குத்தான். மகனுடைய கணக்குச் சதுர றூள் கொப்பியில் ஒரு நிறைகுடம் வரைந்தேன். ஒரு சதுரம் ஒரு புள்ளடி. குடம், மாவிலை, நடுவில் தேங்காய். அகலம் 56 புள்ளடி, உயரம் 64. அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில் அகலம் 4 அங்குலம் வரும், உயரம் நாலரையைக் கொஞ்சம் தாண்டும். இந்தக் கணக்கைத் துணி வெட்டுமுன் செய்யவேணும், பிறகு சுற்றிவர மூன்று அங்குலம் சேர்த்து வெட்டவேணும், இல்லாவிட்டால் சட்டம் போட இடம் இராது. எல்லாக் கட்டமும் நிரப்புவதில்லை. ஏறக்குறைய 2000 புள்ளடி. மணித்தியாலத்துக்கு நூறு என்பது என் வேகம், 20 மணித்தியால வேலை.

பங்குனியில் அதை யன்னலில் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கப் பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்தா. "ஓ, ஈஸ்டருக்கா? முட்டை நல்லா வந்திருக்கு" என்றா. தேங்காயைத்தான் சொன்னா. அந்த வருசம் ஈஸ்டரும் சித்திரை வருசப் பிறப்பும் அடுத்தடுத்த நாட்களில் வந்தன. நான் குடும்பி ஒன்றை மண்ணிறத்தில் இன்னும் பன்னிரண்டு புள்ளடியால் நீட்டிவிட்டேன். அதற்குப் பிறகு ஒருவரும் முட்டை என்று சொல்லவில்லை.

தங்கச்சிமார் கேட்கிறீர்கள், தொடங்குகிறதுக்கு என்ன வேணும் என்று. அதிகம் இல்லை. நூல் ஆறு இழையாய் வரும், அதில் இரண்டு இழையைப் பிரித்து எடுங்கோ. முழங்கை நீளத்துக்கு மேல் நூல் எடுக்கவேண்டாம், சிக்குப்படும். துணியை நாலாய் மடித்து நடுவைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குங்கோ. முக்கியமானது ஒன்று, மேல் கோடு எல்லாம் ஒரே பக்கமாய்ச் சரியவேணும். ஒன்று இடமும் ஒன்று வலமும் சரிந்தால் தூரத்தில் இருந்து பார்க்கத் துணி மங்கித் தெரியும், ஏன் என்று உங்களுக்கே விளங்காது. கடையில் பெட்டியோடு விற்கிற ஆயத்தப் பொதிகளை நான் விரும்புவதில்லை. நூல் மட்டாய் இருக்கும், படம் எவரோ ஒருவருடைய படமாய் இருக்கும்.

என்னிடம் இருக்கும் பழைய புள்ளடி வேலை ஒரு மேசை விரிப்பு. அதன் கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ. இவர் 1985இல் இங்கு வந்துவிட்டார். 1987இல் எனக்கான குடும்ப இணைவு விண்ணப்பம் போடப்பட்டது. அந்தக் காலத்தில் எங்களுடைய கோப்புகள் எப்படிக் கிடந்தன என்பது இந்த மண்டபத்தில் இருக்கும் மூத்தவர்களுக்குத் தெரியும். நான் அதைத் திரும்பக் கிளறவில்லை. ஊரில் நான் இருந்தேன், கையில் ஒரு துணி இருந்தது. நாலு மூலைக்கும் நாலு மயில் என்று தொடங்கினேன். மின்சாரம் இல்லை, மாலையானால் ஊரடங்கு. பகலில் கிடைத்த நேரத்தில்தான் ஊசி. 1987 ஒக்ரோபரில் சண்டை வந்து நல்லூர்க் கோயிலில் சனத்தோடு சனமாய் இருந்தபோது, அடையாள அட்டையும் இந்தத் துணியும்தான் என் பையில் இருந்தன. 1989 புரட்டாதியில் விசா வந்தபோது மூன்று மயில் முடிந்திருந்தன.

நாலாவது மயிலை 1990இல் இங்கே தைத்தேன். ஊரில் வாங்கின அங்கர் நூலில் அந்தப் பச்சை முடிந்துவிட்டது. இங்குள்ள கடையில் டி.எம்.சி. நூலில் கிட்டடியான ஒரு பச்சையை எடுத்துத் தந்தார்கள். கிட்டடிதான், அதே பச்சை அல்ல. இன்றைக்கும் விரித்தால் மூன்று மயில் ஒரு நிறம், ஒன்று கொஞ்சம் நீலம் கலந்த நிறம். அவிழ்த்துத் திரும்பத் தைக்கச் சொல்லிப் பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன்.

இனிப் பின்னலுக்கு வருகிறேன். அண்ணாமார் கொஞ்சம் நிமிர்ந்து இருங்கோ, இது உங்களுக்கும் உரியது. நாங்கள் இன்று வாழும் இந்த ஹெர்னிங் பக்கத்து நிலம் ஒரு காலத்தில் விளைச்சல் குறைந்த பற்றைக்காட்டு மணல் நிலம். பயிர் போதாது. ஆடு இருந்தது, ஆட்டு மயிர் இருந்தது. ஆகவே இங்குள்ள ஏழைச் சனம் காலுறை பின்னி விற்றுப் பிழைத்தது. பெண்கள் மட்டும் அல்ல, ஆண்கள், சிறுவர், கிழவர் எல்லோரும். ஆடு மேய்க்கப் போகும்போதும் கையில் ஊசி. அரச அனுமதி பெற்ற வியாபாரிகள் அந்தக் காலுறைகளைக் கட்டிக்கொண்டு நாடெங்கும் போய் விற்றார்கள். மாரிகால இரவுகளில் அயலவர் எல்லாம் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஒரு விளக்கு, ஒரு அடுப்பு, அத்தனை பேருக்கும் போதும். பின்னிக்கொண்டே ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அந்த அறைக்கு "பிண்டஸ்டூவ" என்று பெயர். ஸ்டீன் ஸ்டீன்சன் பிளிக்கர் என்ற எழுத்தாளர் 1842இல் இதையே களமாக வைத்து இந்தப் பகுதியின் பேச்சுவழக்கிலேயே ஒரு நூல் எழுதினார். பெயரே "பின்னல் அறை" என்றுதான் பொருள்படும். பின்னுவதற்கு இங்குள்ளவர்கள் சொன்ன பழைய சொல் "பின்ட". தமிழில் "பின்னு". உறவு இருக்கு என்று நான் சொல்லவரவில்லை, யாராவது பேராசிரியர் கோபிப்பார். காதுக்கு நல்லாய் இருக்கு, அவ்வளவுதான்.

ஹெர்னிங்கும் இக்காஸ்டும் பிறகு துணி ஆலை நகரங்களாய் வளர்ந்ததற்கு அந்தக் காலுறைதான் அடி. ஆகவே அண்ணாமாரே, இந்த ஊரில் ஓர் ஆண் பின்னினால் வெட்கம் இல்லை. இந்த ஊரே அதிலிருந்து வந்த ஊர்.

நான் ஊரில் படித்தது நூலை வலக்கையால் ஊசியில் சுற்றிப் போடுகிற முறை. இங்கே நூலை இடக்கை விரலில் வைத்து ஊசியால் கொத்தி எடுக்கிறார்கள். வேலை செய்த முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயது தாண்டிய ஒரு அம்மா எனக்கு அதைப் பழக்கினா. அவவுக்கு அந்த நேரம் என் பெயரும் ஞாபகம் இல்லை, தன் பிள்ளைகளின் பெயரும் ஞாபகம் இல்லை. ஆனால் காலுறையின் குதியைத் திருப்புகிற இடத்தில் எத்தனை கண் விடவேணும் என்பது விரலில் இருந்தது. எனக்கு அப்போது டெனிஷ் அரைகுறை. எங்களுக்கு இடையில் இருந்த பாஷை ரெத், வ்ராங், ரெத், வ்ராங். நேர்க்கண், மறுகண், நேர்க்கண், மறுகண்.

பின்னல்தான் என் மாரிகால வேலை. ஐப்பசியில் நேரம் மாற்றி இருட்டு வந்தவுடன் ஊசிப்பையை வெளியே எடுப்பேன். பெரியவருக்குக் காலுறை என்றால் இரண்டரை மில்லிமீற்றர் ஊசியில் 64 கண். கணக்கு மாறாது, கை தானாய் ஓடும். நூலை நான் பெரும்பாலும் செஞ்சிலுவைச் சங்கத்தின் பழைய பொருள் கடையில் வாங்குகிறேன். எவரோ அரைவாசியில் விட்ட பந்துகளைப் பையாய்க் கட்டி விற்பார்கள். சுவெற்றர் என்றால் மட்டும் முதலில் ஒரு சதுரம் பின்னி, 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை கண் வருகுது என்று அளந்து பார்ப்பேன். அளக்காமல் தொடங்குகிறவர்களுடைய சுவெற்றர் ஒன்றில் மருமகனுக்கு வரும், அல்லது மருமகனின் தகப்பனுக்கு வரும்.

பின்னலைப் பற்றி இன்னும் ஒன்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அம்மாவும் அந்தக் கூட்டத்தில். எங்களுக்கு இங்கே மூன்று கிழமை ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களில் என்னால் எண்ணித் தைக்க ஏலாது, அளந்து வெட்ட ஏலாது. வானொலியைப் போட்டுவிட்டு ஒரு சுவெற்றரின் முதுகுப் பக்கத்தைப் பின்னினேன். நேர்க்கண், மறுகண். அதற்கு மூளை தேவையில்லை. மூன்று வேலையைக் கையில் வைத்திருக்கிறது ஏன் என்று கேட்டால், இதையும் ஒரு காரணமாய்ச் சொல்லுவேன். எல்லா நாளும் எல்லா வேலையும் செய்ய ஏலாது.

அம்மா 1996இல் இடம்பெயர்ந்த இடத்திலேயே மோசம் போனா. என்னால் போக முடியவில்லை. உங்களில் எத்தனையோ பேருக்கும் அப்படித்தான். 2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்தாப் பிறகு மச்சாள் ஒருத்தி அங்கிருந்து வந்தபோது அம்மாவின் இரண்டு சீலையைக் கொண்டுவந்து தந்தா. ஒன்று பட்டு. மற்றது நாளாந்தம் உடுக்கிற கைத்தறி நூல்சீலை, மங்கின மஞ்சள், பச்சைக் கரை. இருபத்தொரு வருசம் அலுமாரியில் இருந்தது. வருசத்துக்கு ஒருக்கா எடுத்து, மடிப்பை மாற்றி, திரும்ப வைப்பேன்.

2023இல் மகள் பிள்ளைத்தாய்ச்சி. ஆனியில் பிள்ளை. தை மாதம் மூன்றாவது பையைத் திறந்தேன், போர்வைக்குச் சதுரம் தெரிய. இவருடைய பழைய சேட்டுகள் இருந்தன, மகளின் பாவாடை, மகனின் பிஜாமா, முதல் வீட்டு யன்னல் சீலை எல்லாம் இருந்தன. அம்மாவின் சீலையும் வெட்டவேணும் என்று எனக்குள் ஒரு எண்ணம். லண்டனில் இருக்கும் அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். "அம்மாவின்ர சீலையில கத்தரிக்கோல் வைக்கப்போறியோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டா.

எட்டு நாள் அக்கா எடுக்கவில்லை. நானும் வெட்டவில்லை. அந்த எட்டு நாளும் மற்றச் சதுரங்களை வெட்டினேன். அக்கா சொன்னதிலும் ஞாயம் இருக்கு. எங்களுக்கு வீடு இல்லை, படம் இல்லை, அம்மாவின் கையெழுத்தில் நாலு கடிதம் மட்டும். மிஞ்சின சீலையையும் துண்டாக்கினால் என்ன மிச்சம்? ஆனால் அலுமாரியில் இருக்கிற சீலையை மகள் எத்தனை தரம் பார்த்திருப்பாள்? ஒரு தரம். எனக்குப் பிறகு அதை எடுத்து மடிப்பு மாற்ற யார் இருக்கினம்?

ஒன்பதாம் நாள் அக்காவே எடுத்தா. ஹலோவும் இல்லை, ஒன்றும் இல்லை. "நாங்கள் அஞ்சு பேரும் அம்மாவின்ர பழஞ்சீலை ஏணையில கிடந்தனாங்கள் தானே. வெட்டு. தலைப்பை மட்டும் வெட்டாதை" என்றா. பிறகு தன்னிடம் இருந்த அம்மாவின் சட்டை ஒன்றையும் தபாலில் அனுப்பினா, கை கிழிந்த சட்டை.

உண்மைதானே. எங்கள் ஊரில் பிறந்த பிள்ளையைப் புதுத் துணியில் கிடத்துவதில்லை. தோய்த்துத் தோய்த்துப் பஞ்சாய்ப் போன பழைய வேட்டி, பழைய சீலை, அதில்தான் கிடத்துவோம். பழைய நூல்துணியின் மென்மை கடையில் வாங்கக் கிடைக்காது.

பழஞ்சீலை மெலிந்துபோயிருக்கும். தடித்த சேட் துணியோடு அப்படியே சேர்த்துத் தைத்தால் மூட்டில் விட்டுப்போகும். ஆகவே ஒவ்வொரு சீலைச் சதுரத்துக்கும் பின்னால் மெல்லிய மல் துணி ஒன்றை வைத்து இரட்டையாக்கினேன். அதற்கு முதல் குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசி, ஈரத்தோடு வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்கவேணும், சாயம் ஒட்டுகிற துணி போர்வைக்கு ஆகாது. 11 சென்ரிமீற்றர் சதுரமாய் வெட்டினேன். நாலு பக்கமும் முக்கால் சென்ரிமீற்றர் மூட்டுக்குப் போக 9½ சென்ரிமீற்றர் தெரியும். அகலத்துக்கு 9, நீளத்துக்கு 11, மொத்தம் 99 சதுரம். 85 சென்ரிமீற்றருக்கு 104 வரும், பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகும் போர்க்கலாம். மூட்டுகளை அகலமாய் விரித்து அழுத்தாமல் கடும் நிறத் துணியின் பக்கம் சாய்த்து அயன் பண்ணினால் வெளிறின துணிக்கு ஊடாகத் தெரியாது.

சதுரங்களை நிலத்தில் பரப்பி ஒழுங்கு பார்த்த அன்று மகள் வந்தாள். வயிற்றோடு நிலத்தில் இருக்கக் கஷ்டம், ஆனாலும் இருந்தாள். ஒவ்வொன்றாய்த் தொட்டு "இது ஆர்ர, இது ஆர்ர?" என்று கேட்டாள். எங்கள் பிள்ளைகள் எங்களோடு பாதி தமிழிலும் பாதி டெனிஷிலும் கதைக்கிறவர்கள், உங்களுக்குத் தெரியும். அன்று முழுக்கத் தமிழில் கேட்டாள். மஞ்சள் சதுரத்தைத் தொட்டபோது அம்மம்மா என்றேன். அம்மம்மா எப்படிச் செத்தவ என்று கேட்டாள். முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை, அதுவரைக்கும் நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்த ஒக்ரோபர் இரவையும், செம்மணி வெளியில் மழைக்குள் சனம் நெருக்குப்பட்டு நின்றதையும், சனம் சொல்லி நான் கேட்டபடி சொன்னேன். சதுரம் அடுக்கி முடிய இருட்டிவிட்டது.

தலைப்பை வெட்டவில்லை. அது அக்காவோடு லண்டனில் இருக்கு.

நேரம் போகுது என்று தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். தங்கச்சிமாருக்கு இரண்டொரு உபாயம் மட்டும். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு துண்டுத்தாள் வையுங்கோ, எந்த வரியில் விட்டது, எந்த நூல் இலக்கம், ஊசி என்ன அளவு என்று எழுதி. நாலு மாதம் கழித்துத் திறக்கும்போது நீங்கள் வேறு ஆள். புள்ளடித் துணியை வட்டச் சட்டத்தோடு விட்டுவைக்கவேண்டாம், மடிப்புத் தழும்பு போகாது. கம்பளி நூலைப் பூச்சி அரிக்கும், மூடி வையுங்கோ. மூன்று பைக்கு மேல் வைக்கவேண்டாம். நாலாவது ஆசை வந்தால் முதலில் ஒன்றை முடியுங்கோ, அல்லது முடிக்கப்போகிற ஒருத்திக்குக் கொடுங்கோ. பெண்பிள்ளைகளைப் பிடித்து இருத்திப் பழக்கவேண்டாம். பையைத் திறந்தபடி விட்டுவிட்டுப் பேசாமல் இருங்கோ, வருகிற பிள்ளை வரும். எங்கள் வீட்டில் வந்தது மகன்.

மாதத்தின் முதற் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு இந்த மண்டபத்தின் சின்ன அறையைச் சங்கம் எங்களுக்குத் தருவதாய்ச் சொல்லியிருக்கிறது. ஒரு மெசின் நான் கொண்டுவருவேன், இன்னும் ஒன்று வேணும். பழைய நூல்சீலை, சேட், வேட்டி இருந்தால் தோய்த்துக் கொண்டுவாருங்கோ. நைலெக்ஸ் சீலை வேண்டாம், அயன்பெட்டியில் உருகும். தேத்தண்ணிக்கும் வடைக்கும் ஆட்கள் பெயர் தந்துவிட்டார்கள். அண்ணாமாருக்கும் கதிரை இருக்கு.